தைத்தவள் பெயர் எங்கே?

சீனத்து ஆடம்பர உள்ளாடைகள் இன்று இரண்டு சரக்குகளை விற்கின்றன. ஒன்று பட்டு, மற்றொன்று பாரம்பரியம். பட்டுக்கு எடை உண்டு, தரம் உண்டு. விரலால் தடவிப் பார்த்தே மட்டம் சொல்லிவிடுவார்கள். பாரம்பரியத்துக்கு அப்படி ஒரு தராசும் இல்லை. வாத்திணை, தாமரை, பியோனிப் பூ, கழுத்தில் முடிச்சிடும் சிவப்புக் கயிறு, பழைய கைவினை நவீனப் பெண்ணைத் தழுவுகிறது என்ற தோரணையில் இரண்டு வரி. இவ்வளவு போதும், விலை ஏறிவிடும். பட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. இந்த இரண்டாவது சரக்கைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. அது யாருடைய சொத்து? யார் கையிலிருந்து எடுத்தார்கள்? எடுத்தபோது எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தார்கள்?

தமிழ் படித்தவள் நான். எனக்குச் சொல்லிலிருந்துதான் தொடங்கத் தெரியும். பழஞ்சீனத்தில் உள்ளாடைக்கு ‘ஷியே-யி’ என்றொரு சொல் இருந்தது. ‘யி’ என்றால் ஆடை. ‘ஷியே’ என்ற எழுத்துக்கு நெருக்கமானது, மரியாதையற்றது, இழிவானது என்று பொருள் விரிந்துகொண்டே போகும். உடம்பை ஒட்டிய துணிக்கு அந்த மொழி வைத்த பெயரிலேயே ஒரு முகச்சுளிப்பு இருக்கிறது. இன்றைய சொல் ‘நே-யி’. நம் ‘உள்ளாடை’ போலவே உள் என்பதும் ஆடை என்பதும் சேர்ந்தது. இதே ‘நே’தான் மனைவியைக் குறிக்கும் ‘நே-ரென்’ என்ற சொல்லிலும் வருகிறது. உள்ளே இருக்கும் ஆள் என்று பொருள். ஆண் வெளியைப் பார்த்துக்கொள்வான், பெண் உள்ளைப் பார்த்துக்கொள்வாள் என்பது சீனக் குடும்பத்தின் பழைய விதி. ஷாங்காயில் 2012இல் தொடங்கிய ஓர் உள்ளாடை நிறுவனம் தனக்கு ‘நேவாய்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. உள்-வெளி. பெண்ணைப் பூட்டி வைத்த இரண்டு சொற்களையும் எடுத்துக் கடைப்பலகையில் மாட்டிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனத்தை ரசிக்கிறேன். ஆனால் சொல்லை இடம் மாற்றி வைப்பதும் பூட்டைத் திறப்பதும் வேறு வேறு வேலைகள்.

இந்தப் புதிய ஆடம்பரத்தின் நாயகி ‘தூதோ’. வயிற்றுத் துணி என்று பொருள். சிங் வம்சக் காலத்தில் (1644–1911) பரவலாக உடுத்தப்பட்டது. சாய்சதுரமாக ஒரே துண்டுத் துணி. மேல்முனையை வெட்டிவிட்டுக் கழுத்துக்கு ஒரு கயிறு, இடுப்புக்கு ஒரு கயிறு. முதுகில் ஒன்றும் இல்லை. வயிற்றில் குளிர் தாக்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் நோக்கம். அதனால் ஆண்களும் உடுத்தினார்கள், குழந்தைகளுக்கும் கட்டினார்கள். குழந்தையின் தூதோவில் தேள், பூரான், பாம்பு, பல்லி, தேரை என்ற ஐந்து நச்சுயிர்களைத் தைப்பார்கள். நஞ்சை நஞ்சு விரட்டும் என்ற நம்பிக்கை. மணப்பெண்ணின் தூதோவில் விதை நிறைந்த மாதுளையும் தாமரையோடு ஆண்குழந்தையும் வரும். நிறையப் பெறு, ஆணாகப் பெறு என்று அந்தத் துணி அவள் வயிற்றின்மேல் எழுதி வைத்த கட்டளை அது.

இவற்றில் எவையெல்லாம் இன்றைய கடைக்கு வந்து சேர்ந்தன என்று பாருங்கள். தேளும் பூரானும் வரவில்லை. தாத்தாவின் தூதோ வரவில்லை. பிள்ளை பெறச் சொன்ன கட்டளை, பூவாக மட்டும் மிஞ்சி, பொருள் கழற்றப்பட்டு வந்திருக்கிறது. திறந்த முதுகு முழுதாக வந்துவிட்டது. வயிற்றைக் காத்த துணி மார்பைக் காட்டும் துணியானதற்குப் பாரம்பரியம் என்று பெயர்.

வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தூதோவின் உண்மையான அறிவு அதன் வெட்டில் இருக்கிறது. தட்டையான துணி, உடம்பு எப்படியோ அப்படி அது விழும். கயிற்றைத் தளர்த்தலாம், இறுக்கலாம். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் முதியவளுக்கும் அதே துண்டு பொருந்தும். அதற்கு அளவு எண் கிடையாது. நவீன பிராவில் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகள் இருக்கின்றன. கிண்ணம் இருக்கிறது, கம்பி இருக்கிறது, எண் இருக்கிறது. சீனத்தின் பெரிய உள்ளாடை நிறுவனங்களில் ஒன்றான ஐமர், 1990களில் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும் நினைவு உலோகக் கலவையில் பிரா கம்பி செய்ததில்தான் தொடங்கியது. எப்படி வளைத்தாலும் கம்பி தன் வடிவத்தை மறக்காது. அந்த வடிவத்துக்குள் உடம்புதான் வந்து உட்கார வேண்டும். பாரம்பரியத்தையும் நவீனத்தையும் கலப்பதாகச் சொல்பவர்களில் பலர் கலப்பது என்ன? வெட்டு நவீனத்திடமிருந்து, பூ பாரம்பரியத்திடமிருந்து. எந்த உடம்பையும் அளக்காமல் ஏற்றுக்கொண்ட அந்தப் பழைய அறிவை விட்டுவிட்டு, அதன்மேல் இருந்த அலங்காரத்தை மட்டும் கிள்ளி எடுத்திருக்கிறார்கள்.

இனி, அந்தப் பூவைத் தைத்தவளிடம் வருகிறேன்.

சீன இலக்கியத்தில் மிகவும் பேர்பெற்ற தூதோ ஓர் ஆணுடையது. 18ஆம் நூற்றாண்டில் சாவ் ஷுவேசின் எழுதிய ‘சிவப்பு மாளிகைக் கனவு’ நாவலின் 36ஆம் அத்தியாயத்தில் அது வருகிறது. பெரிய வீட்டுப் பையன் பாவ்யூ பகல் தூக்கத்தில் இருக்கிறான். பணிப்பெண் ஷிரென் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்காகத் தூதோ தைக்கிறாள். வெள்ளைப் பட்டு, சிவப்பு உள்துணி, தாமரைகளுக்கு நடுவே வாத்திணை. நம் அன்றிலைப் போலச் சீனத்தில் அந்த வாத்துகள் பிரியாத தம்பதியின் அடையாளம். அவன் லேசில் உடுத்த மாட்டான், பார்த்ததும் ஆசை வரட்டும் என்றுதான் இவ்வளவு வேலைப்பாடு என்று, பார்க்க வந்த பாவ்ச்சாயிடம் ஷிரென் சொல்கிறாள். இரவில் போர்வை விலகினாலும் அவன் வயிறு குளிராதல்லவா? பிறகு, குனிந்தே இருந்ததில் கழுத்து வலிக்கிறது என்று சொல்லி எழுந்து வெளியே போகிறாள். தையலின் அழகில் தன்னை மறந்த பாவ்ச்சாய் அதே இடத்தில் உட்கார்ந்து ஊசியை எடுத்துக்கொள்கிறாள்.

இந்தக் காட்சியைப் பேசுபவர்கள் அடுத்து வருவதைத்தான் பேசுவார்கள். பாவ்யூ தூக்கத்தில், தனக்கு விதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் திருமணத்தை மறுத்துக் கத்துகிறான்; அவனை மணக்கப்போகிறவள் அந்த வாத்துகளைத் தைத்தபடி அதைக் கேட்கிறாள். பெரிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஷிரெனின் கழுத்து வலியை அந்த நாவலாசிரியர் எழுதி வைத்திருக்கிறார் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அழகு ஓர் இரைபோல வேலை செய்தது. அந்த இரையைச் செய்ய ஒரு பெண்ணின் கழுத்து நொந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆண் எழுத்தாளருக்குத் தெரிந்த இந்த உண்மை, இன்றைய விளம்பரம் எழுதுபவர்களுக்குத் தெரியவில்லை.

ஊசி வேலையைப் பெண்ணின் இயல்பு என்று சீனத்தில் யாரும் சும்மா விட்டுவிடவில்லை. அதை அறமாக்கினார்கள். பெண்ணுக்கு வகுத்த நான்கு அறங்களில் ஒழுக்கம், பேச்சு, தோற்றம் என்ற மூன்றுக்குப் பிறகு நான்காவது வேலை. நூற்பது, நெய்வது, தைப்பது. அந்த அறத்துக்கு ஒரு கணக்கும் இருந்தது. தாங் வம்ச வரிமுறையில் குடும்பம் தானியத்தோடு துணியும் செலுத்த வேண்டும். ஆண் உழுதான், பெண் நெய்தாள் என்ற இனிமையான பழமொழிக்குப் பின்னால் அரசு வசூல் செய்த துணி மூட்டைகள் இருக்கின்றன. வரி கட்டியவள் அவள். வரிக் கணக்கில் பெயர் வீட்டுத் தலைவனுடையது.

ஊசி பெண்ணின் இயல்பு என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்குக் குவாங்ஜோ நகரமே சாட்சி. அங்கே தையல் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஐரோப்பியக் கப்பல்களுக்குச் சரக்கு போனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சங்கமும் அமைந்தது. அந்தப் பட்டறைகளில் ஊசி பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். காசு வரும் இடத்தில் ஊசி ஆணின் தொழில். காசு வராத இடத்தில் அதே ஊசி பெண்ணின் அறம். விளம்பரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைக்கும் அந்த அமைதியான பெண்ணின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலின் உச்சியைத் தொட்ட பெண்ணுக்கு என்ன நேர்ந்தது? ஷென் ஷோவ் (1874–1921) சூஜோ மரபின் பெரும் தையற்கலைஞர். இயற்பெயர் ஷென் யுன்ஜி. பேரரசி சிஷியின் எழுபதாம் பிறந்தநாளுக்கு 1904இல் அவர் தைத்துக் கொடுத்ததைப் பார்த்து மகிழ்ந்த பேரரசி, நீள்ஆயுள் என்று பொருள்படும் ‘ஷோவ்’ என்ற எழுத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அதுவே அவர் பெயராயிற்று. ஒளியும் நிழலும் ஓவியத்தில் விழுவதுபோல ஊசியில் விழச் செய்தார். அவர் தைத்த இத்தாலிய அரசியின் உருவம் 1911இல் தூரின் கண்காட்சிக்குப் போனது. ஏசுவின் உருவம் 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் பரிசு வென்றது. 1914இல் நான்தோங் நகரத்தின் தொழிலதிபர் ஜாங் ஜியன், பெண்களுக்கான தையற்பள்ளி தொடங்கி அவரைப் பொறுப்பாளராக்கினார். ஷென் நோயில் விழுந்த பிறகு, அவர் சொல்லச் சொல்ல ஜாங் ஜியன் எழுதினார். சட்டம், நூல், ஊசி, தையல் வகை, நிறம் என்று அந்தக் கலையின் முழு அறிவும் புத்தகமானது. அதன் தலைப்பில் இருப்பது ‘ஷுவேஹுவான்’. அது ஜாங் ஜியன் அவருக்குச் சூட்டிய பெயர்.

ஜாங் ஜியன் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொண்டார். அந்தப் புத்தகத்தில் எழுத்து ஒவ்வொன்றும் தன்னுடையது, ஆனால் பேச்சு ஒவ்வொன்றும் அவருடையது என்று முன்னுரையில் சொன்னார். ஷென் இறந்தபோது, கல்லறை வாயிலில் உலகக் கலைஞர் என்று குறிப்பிட்டு அவருடைய பிறந்த ஊரையும் குடும்பப் பெயரையும் பொறிக்கச் செய்தார். கணவர் பெயர் அதில் இல்லை. கணவர் யூ ஜுவே கொதித்துப்போய் ஜாங் ஜியனைச் சாடி எழுதி வெளியிட்டார். கல்லறைமேல் நின்று இரண்டு ஆண்கள் சண்டையிட்டார்கள். அவள் யாருடையவள் என்பது சண்டை.

ஒரு பெயர் அரசி கொடுத்தது, இன்னொரு பெயர் புரவலர் கொடுத்தது, பேச்சு மட்டும் அவருடையது. சீனத் தையற்கலையில் இதைவிடப் பெயர்பெற்ற பெண் கிடையாது. அவருக்கே இதுதான் நிலை என்றால், பெயரே எழுதப்படாத மற்றவர்களின் நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சூஜோவுக்கு மேற்கே தாய்ஹூ ஏரிக்கரையில் ஜென்ஹூ என்ற ஊரில் இன்றும் ஆயிரக்கணக்கான பெண்கள் பூத்தையலில் இருக்கிறார்கள். ஒரு பட்டு நூலைப் பதினாறாகவும் அதற்கு மேலும் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத இழையை ஊசியில் கோப்பார்கள். மீனின் வாலும் பூனையின் மீசையும் அந்த இழையில்தான் உயிர்பெறும். கை சொரசொரப்பாக இருந்தால் இழை சிக்கி அறுந்துவிடும். அதனால் தையற்காரியின் விரல் மென்மையாக இருக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும், வயலில் இறங்கும், குழந்தையைக் குளிப்பாட்டும் வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கலை மென்மையான விரலைக் கேட்கிறது. அந்த விரலைக் காப்பாற்ற அவள் என்ன விலை கொடுக்கிறாள் என்பது எந்தப் பட்டுப் பெட்டிக்குள்ளும் வைக்கப்படும் சிறு அட்டையில் எழுதப்படுவதில்லை. சூஜோ தையலின் ‘உந்துதலில்’ உருவானது என்று மட்டும் எழுதியிருக்கும். உந்துதல் என்ற அந்தச் சொல் தாராளமானது. கணினி எந்திரம் குத்திய பூவுக்கும் அது இடம் கொடுக்கும், அச்சில் அடித்த பூவுக்கும் இடம் கொடுக்கும்.

பாரம்பரியம் என்பது தேர்வு. தேர்ந்தெடுப்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது. பட்டின் வரலாற்றிலேயே ஒரு பக்கம் இருக்கிறது. அதை எந்த ஆடம்பர நிறுவனமும் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததில்லை. குவாங்தோங் மாகாணத்தின் ஷுன்டெ, நான்ஹாய் பகுதிகளில் 1870களிலிருந்து நீராவியால் இயங்கும் பட்டு நூல் ஆலைகள் வந்தன. கொதிநீரில் பட்டுக்கூடுகளைப் போட்டு இழை எடுத்தவர்கள் இளம்பெண்கள். விரல் வெந்தது, ஆனால் கூலி கைக்கு வந்தது. மணமான பெண் கூந்தலை உயர்த்திக் கட்டுவது அங்கே வழக்கம். அந்தக் கூந்தலைத் தாங்களே வாரிக் கட்டிக்கொண்டு, சடங்கு நடத்தி, எவனையும் மணப்பதில்லை என்று சபதம் எடுத்தார்கள் அந்தப் பெண்களில் பலர். ‘தானே வாரிக்கொண்டவள்’ என்றே அவர்களுக்குப் பெயர். சேர்ந்து வாழ்ந்தார்கள், ஒருவருக்கொருவர் முதுமையைப் பார்த்துக்கொண்டார்கள். 1930களில் பட்டுச் சந்தை சரிந்தபோது ஹாங்காங்குக்கும் சிங்கப்பூருக்கும் வீட்டு வேலைக்குப் போய், அந்தக் காசை ஊருக்கு அனுப்பினார்கள்.

இதுவும் பட்டுதான். இதுவும் பாரம்பரியம்தான். ஆனால் பிரியாத வாத்திணைதான் மார்பில் பூக்கிறது; தானே வாரிக்கொண்டவளின் சீப்பு பூப்பதில்லை. மணவறைக்கு அழைத்துப்போகும் மரபு விற்கிறது. மணவறையை மறுத்த மரபு கிடங்கில் கிடக்கிறது.

நவீனம் வந்து பெண்ணை விடுவித்தது என்று சொல்பவர்களுக்கும் ஒரு தேதி சொல்கிறேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிசையாகப் பொத்தான் வைத்த இறுக்கமான சிறு மேலாடையால் மார்பை அழுத்திக் கட்டும் வழக்கம் சீன நகரங்களில் பரவியிருந்தது. பள்ளி மாணவிகளிடமும் இருந்தது. 1927 ஜூலையில் குவாங்தோங் மாகாண நிர்வாகத் துறையின் பொறுப்பிலிருந்த ஜு ஜியாஹுவா, மூன்று மாதத்துக்குள் மாகாணம் முழுவதும் மார்புக் கட்டு ஒழிய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மீறினால் 50 யுவானுக்குக் குறையாத அபராதம். இருபது வயதுக்குக் குறைந்தவள் என்றால் அபராதம் பெற்றோருக்கு. ‘இயற்கை மார்பு இயக்கம்’ என்று அதற்குப் பெயர். மூச்சை இறுக்கும் கட்டு ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்லப்பட்ட காரணங்களில் பெண்ணின் மூச்சைவிட அவள் பெறப்போகும் பிள்ளையும் வலுவான தேசமும்தான் உரக்க ஒலித்தன. கட்டச் சொன்னதும் அவள் குரல் இல்லை, அவிழ்க்கச் சொன்னதும் அவள் குரல் இல்லை. கட்டியிருக்கிறாளா என்று பார்க்கும் உரிமை மட்டும் மாமியாரிடமிருந்து அதிகாரியிடம் கைமாறியது.

இப்போது அந்த உரிமை சந்தையிடம் வந்திருக்கிறது. சந்தையின் மந்திரச் சொல் ‘யுவே-ஜி’. தன்னை மகிழ்வித்துக்கொள்வது. உனக்காக உடுத்து, உன் மகிழ்ச்சிக்காக வாங்கு. இந்தச் சொல்லின் பிறப்பைச் சொன்னால் என் மாணவிகள் சிரிப்பார்கள். தன்னைக் கண்டு மகிழ்பவனுக்காகவே பெண் தன்னை அலங்கரித்துக்கொள்கிறாள் என்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழைய சீன முதுமொழி. சொன்னவன் கிமு 5ஆம் நூற்றாண்டின் யூ ராங். தன்னை மதித்த தலைவனுக்காக உயிரைக் கொடுக்கப்போகிற வீரன். தன் விசுவாசத்துக்கு உவமை தேடியபோது அவனுக்குப் பெண்ணின் ஒப்பனை கிடைத்தது. அந்தத் தொடரில் ‘மகிழ்பவன்’ என்பதைக் காட்ட ‘ஜெ’ என்று ஓர் எழுத்து வரும். ஆள் என்பதைக் குறிக்கும் எழுத்து. சந்தை செய்ததெல்லாம் அந்த ஓர் எழுத்தை நீக்கியதுதான். ஆளை நீக்கினால் மிஞ்சுவது ‘தன்னை மகிழ்வித்தல்’. விடுதலை ஆயிற்று.

எழுத்து போய்விட்டது. ஆள் போய்விட்டானா?

2021 பிப்ரவரியில் யூப்ராஸ் என்ற உள்ளாடை நிறுவனத்துக்காக லி தான் என்ற நகைச்சுவையாளர் விளம்பரம் செய்தார். பெண்கள் வேலையிடத்தில் படுத்துக்கொண்டே வெல்ல உதவும் சாதனம் என்று உள்ளாடையைப் புகழ்ந்தார். பெண்கள் கொதித்தார்கள், மன்னிப்பு வந்தது, அந்த ஆண்டே ஏறத்தாழ 8.7 லட்சம் யுவான் அவரிடமிருந்து வசூலானது. 2023இன் தொடக்கத்தில் இன்னொரு வேடிக்கை. இணைய நேரலையில் பெண்கள் உள்ளாடை அணிந்து காட்டினால் ஆபாசம் என்று ஒளிபரப்பு முடக்கப்படும் என்பதால், சில நிறுவனங்கள் ஆண்களைப் பிராவும் பட்டு இரவாடையும் அணியவைத்து விற்றன. உனக்காக உடுத்து என்று சொல்லும் சந்தையில், அவளுக்கான ஆடையை அவள் உடம்பில் காட்டுவதற்கே இடமில்லை. காட்டுகிறவன் ஆண், தடுக்கிறவன் ஆண், படுத்துக்கொண்டு வெல் என்கிறவனும் ஆண். நீக்கிய எழுத்து எத்தனை உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது!

இதற்கும் முன்னால், 2015 மார்ச்சில், மகளிர் தினத்துக்குச் சற்று முன், ஐந்து இளம் பெண்ணியவாதிகள் சீனத்தில் கைது செய்யப்பட்டு 37 நாள் அடைத்து வைக்கப்பட்டார்கள். பேருந்திலும் ரயிலிலும் நடக்கும் பாலியல் சீண்டலை எதிர்த்து ஒட்டுச்சீட்டு கொடுக்கத் திட்டமிட்டதுதான் அவர்கள் குற்றம். 2018 மகளிர் தினத்தையொட்டி ‘பெண்ணியக் குரல்கள்’ என்ற அமைப்பின் சமூக ஊடகக் கணக்குகள் நிரந்தரமாக மூடப்பட்டன. உன் உடம்பு உன்னுடையது என்பதை அங்கே பட்டில் தைத்து விற்கலாம். சீட்டில் அச்சடித்துப் பேருந்தில் கொடுக்க முடியாது.

இந்தப் பட்டு உலகத்துக்குக் கீழே இன்னொரு உலகம் இருக்கிறது. அதே குவாங்தோங் மாகாணத்தில் ஷாந்தோ நகரை ஒட்டிய கூராவ், உள்ளாடைக்காகவே வாழும் ஊர். ஆண்டுக்குக் கோடிக்கணக்கான பிராக்கள் அங்கே தைக்கப்படுகின்றன. 2010இல் கிரீன்பீஸ் அமைப்பு அந்த ஊரிலும் ஜீன்ஸ் தைக்கும் ஷின்தாங்கிலும் எடுத்த மாதிரிகளில் கன உலோகங்கள் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த கூலிப் பெண்கள் துண்டுக் கணக்கில் தைக்கிறார்கள். இவர்களையும் தையற்காரிகள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இவர்கள் தைப்பதைக் கைவினை என்று யாரும் சொல்வதில்லை. இவர்கள் படம் ஜன்னலோரம் வைக்கப்படுவதில்லை. ஏழைப் பெண்ணின் கையை எந்திரம் என்றும் நலிந்துபோன கலையின் கையைப் பாரம்பரியம் என்றும் பிரித்து வைத்திருக்கிறது சந்தை. இரண்டு கையும் பெயரில்லாத கைகள்.

மறுப்புகள் எனக்குத் தெரியும். அழகாக உடுத்துவதும் தப்பா என்று மாணவிகள் கேட்பார்கள். இல்லை. பட்டு தோலில் படும் சுகத்தைக் குற்றமாக்குகிற பெண்ணியம் எனக்கு வேண்டாம். பெண்ணின் இன்பத்தைச் சந்தேகிக்கும் வேலையைச் செய்யத்தான் ‘ஷியே’ என்ற எழுத்து இருக்கிறதே, நாம் வேறு எதற்கு? யாருக்கும் தெரியாமல் உள்ளே ஒரு தாமரையை அணிந்துகொண்டு வேலைக்குப் போகிறவளின் சிறு மகிழ்ச்சியை நான் பறிக்க மாட்டேன். அந்த மகிழ்ச்சியின் விலையில் இன்னொரு பெண்ணுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறேன். கேட்டால் மகிழ்ச்சி குறையும் என்றால், குறையட்டும்.

ஆடம்பரச் சந்தை இல்லாவிட்டால் கலையே அழியும் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை இருக்கிறது. 2006இல் சூஜோ தையலும் மியாவ் தையலும் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலை வைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாது. வாங்குபவர் வேண்டும்தான். ஆனால் கலையைக் காப்பாற்றுவதாகச் சொல்பவர் கலைஞரின் பெயரைச் சொல்வதற்கு என்ன தடை? முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டே இருக்கிறது. 2017 வெனிஸ் பியென்னாலேயில் சீன அரங்கில் நான்கு கலைஞர்களில் ஒருவராக ஜென்ஹூவின் தையற்கலைஞர் யாவ் ஹுய்ஃபென் தன் பெயரோடு நின்றார். உதவியாளராகவோ உந்துதலாகவோ நிற்கவில்லை. கலைக்கூடத்தில் முடிந்தது கடையில் ஏன் முடியாது?

காரணம் எளியது. பெயர் சொன்னால் பங்கு கொடுக்க வேண்டும். பாரம்பரியம் என்று சொன்னால் யாருக்கும் கொடுக்க வேண்டாம். இறந்துபோன பாட்டிகள் எல்லாருக்கும் பொதுவானவர்கள். அவர்கள் கூலி கேட்டு வாசலில் நிற்க மாட்டார்கள். உயிரோடிருக்கும் பெண்ணின் உழைப்பை இறந்தவர்களின் கணக்கில் எழுதிவிடுவதற்குத்தான் இந்தச் சொல் இவ்வளவு பயன்படுகிறது.

உள்ளாடையில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டைப் பாருங்கள். எத்தனை விழுக்காடு பட்டு என்று இருக்கும். எந்த வெப்பத்தில் துவைக்க வேண்டும், பிழியலாமா கூடாதா என்று இருக்கும். துணிக்கு வலிக்காமல் இருக்க இத்தனை அக்கறை. அதே சீட்டில் இன்னும் மூன்று வரிக்கு இடம் இருக்கிறது. தைத்தவளின் பெயர். தைக்க ஆன மணிநேரம். அதற்கு அவள் பெற்ற கூலி. கையால் தைக்கவில்லை என்றால் எந்திரம் தைத்தது என்று எழுதட்டும். எந்திரத்தை ஓட்டியவளின் கூலியை எழுதட்டும். பூவின் வரைவு ஒரு கிராமத்துப் பெண்ணுடையது என்றால், விற்கும் ஒவ்வொரு துண்டிலும் அவளுக்கு உரிமைப் பங்கு போகட்டும். அதற்குப் பிறகு பாரம்பரியம் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

அதுவரை இந்தப் பட்டுத் தாமரையை யாராவது நம்மிடம் நீட்டி, எவ்வளவு அழகு பார் என்று சொன்னால், அழகுதான் என்று ஒப்புக்கொள்வோம். கையோடு கேட்போம், தைத்தவள் பெயர் என்ன? பதில் தெரியாது என்றால் விலையைக் குறைக்கச் சொல்வோம். அதில் பாரம்பரியத்துக்கு என்று சேர்த்த பணம் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.